வடக்குச் சுவரில் ஒரு பொய் யன்னல்

தம்பி,

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டை நீ எனக்கு மட்டும் காட்டவில்லை. படம் எடுத்து, "அம்மாவுக்கு ஒரு கொட்டேஜ்" என்று தலைப்புப் போட்டு, இணையத்தில் ஊருக்கெல்லாம் காட்டினாய். அன்றிலிருந்து இங்கே சிட்னியில், டூங்கபியில் நான் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் ஆட்கள் விடுவதில்லை. "உங்களுக்கென்ன அன்ரி, குடுத்து வைச்சனீங்கள். வெள்ளைக்காரன் கட்டின வீடெல்லோ!" என்கிறாள் கடைக்காரப் பிள்ளை. வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அது போகட்டும். ஊருக்கு முன்னால் சொன்னதற்கு ஊருக்கு முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை லொறி வந்து என் சாமான்களை மெல்பேர்னுக்கு, உன் வெரிபீக்கு ஏற்றும் என்று சொல்லியிருக்கிறாய். அதற்கு முன் இதைப் படி. எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதும் மரியாதைக்குச் சொல்கிற சொல்தான். எனக்கு அது அருவருப்பாக இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முந்தி அந்தப் பக்கமெல்லாம் ஒரு இங்கிலீஸ் துரையின் செம்மறிப் பண்ணையாக இருந்தது. துரையின் மாளிகை எப்போதோ எரிந்து போக, வாசல் படலையைத் திறந்து மூடிய காவல்காரனுக்காகக் கட்டிய சின்ன வீடு மட்டும் தப்பியது. பிறகு பண்ணையைத் துண்டு துண்டாக வெட்டி வீட்டுக்காணியாக விற்றபோது, அந்தச் சின்ன வீட்டை இடிக்கவும் கூடாது, அதன் வெளித்தோற்றத்தை மாற்றவும் கூடாது என்று ஒரு விதி வந்தது. அந்தத் துண்டை எல்லோரும் விட்டுவிட்டுப் போக, நீ வாங்கினாய். செங்குத்தான கல்லோட்டுக் கூரை, அதன் விளிம்பில் சரிகை மாதிரி வெட்டிய பலகை, ஈயக் கம்பியில் கோத்த சின்னச் சின்னக் கண்ணாடி யன்னல், திருகித் திருகி மேலே போகும் செங்கல் புகைபோக்கி. பனி கொட்டும் ஊருக்குப் போடுகிற கூரை அது. வெரிபீயில் பனி கொட்டியதை யார் கண்டார்கள்? வண்டியில் வந்து இறங்கும் விருந்தாளிகள் "ஆகா" என்று சொல்வதற்காகத் துரை அதைக் கட்டினான். வைகாசியில் நீ போட்ட படத்துக்குக் கீழே நம்முடைய ஆட்களும் அதே "ஆகா"வைத்தான் வரிசையாக எழுதியிருந்தார்கள்.

நான் வீட்டு வரைபடம் கீறிப் பிழைத்தவள் என்பது உனக்குத் தெரியும். கொழும்பில் அரசாங்க வேலையில் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் கீறினேன். சிட்னிக்கு வந்த பிறகு ஒரு வீடு கட்டும் கம்பனியில் இருந்து, மேற்குப் புறநகரில் பாதிக்கு முகப்புக் கீறினேன். அடுப்பே இல்லாத வீட்டுக்குப் புகைபோக்கி, ஒரு பாரமும் தாங்காத தூண், எல்லாம் என் கையால் போனவைதான். அதனால் வேஷம் போட்ட சுவரைக் கண்டால் எனக்கு உடனே விளங்கும். வாங்குகிறவர்கள் முகப்பைப் பார்த்து மயங்குவதைக் கண்டு அந்தக் காலத்திலேயே எனக்குக் குமட்டும். சம்பளத்துக்காகக் கீறினேன், என் பிள்ளை அப்படி ஒன்றைப் பார்த்து வாய் பிளக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காணியை வாங்கியதும் நீ சிட்னிக்குப் பறந்து வந்தாய். என் சாப்பாட்டு மேசையில் காணிப் படத்தை விரித்து, "அம்மா, நீங்கதான் எங்கட வீட்டைக் கீறவேணும். உங்களுக்கும் ஒரு ரூம் போடுங்கோ" என்றாய். உன் அப்பா போன பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்த நாள் வேறில்லை. அந்தச் சின்ன வீட்டைக் காணியின் தென்மேற்கு மூலையில் அப்படியே விட்டு, அதற்கு வடக்கே உங்கள் புது மாடி வீட்டைக் கீறினேன். கீழ்த்தளத்தில் வடக்குப் பக்கமாக எனக்கு ஒரு அறை. இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். அதனால் அந்தச் சுவரில் அகலமான யன்னல் ஒன்று, பக்கத்திலேயே குளியலறை, நாளைக்கு முழங்கால் மடங்காவிட்டால் சக்கர நாற்காலி போகிற அளவுக்குக் கதவு. குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவில் நாலு எட்டு. உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதன் அழுகை எனக்குக் கேட்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் கீறினேன். படத்தை நீ மெல்பேர்னில் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி, அனுமதி எடுத்து, கட்டத் தொடங்கினாய். கொஞ்ச நாளில் ஒரு தொலைபேசி வந்தது. "அம்மா, ஒரு பெட்டர் ஐடியா. உங்களுக்கு ரூம் என்னத்துக்கு, அந்தக் கொட்டேஜ் முழுக்க உங்களுக்குத்தான்!" தாயை நன்றாக வைத்திருக்க நினைக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் நான்.

பிறகு பால் காய்ச்ச வரச் சொன்னாய். ஆனி மாதம், மெல்பேர்னில் நடுக் குளிர். "முதல்ல அம்மாவின்ர வீட்டில காய்ச்சுவம்" என்று நீயே திறப்பை என் கையில் தந்தாய். கதவைத் திறந்தேன். முகத்தில் ஒரு மணம் அடித்தது. புகைபோக்கிக்குள் பொசம் என்கிற இந்த நாட்டு மரப்பிராணி செத்துக் கிடந்து காய்ந்த நாற்றம், அதற்கு மேல் யாரோ பூசிய மல்லிகை வாசனைத் தெளிப்பு. புதுப் பெயின்ட் அடித்த சுவரில் ஈரம் ஊறிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டேன், ஒன்று உடைந்து உள்ளேயிருந்து கறுத்த தண்ணீர் வழிந்தது. மத்தியானப் பன்னிரண்டு மணிக்கு மின்விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றோம். உன் சிநேகிதர்கள் பின்னால் நின்று, "சோ கியூட் அன்ரி, சோ கோஸி" என்றார்கள். நான் சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்தேன்.

ஏன் அவ்வளவு இருட்டு என்று உனக்கு விளங்கவில்லை. எனக்குக் கால் வைத்ததுமே விளங்கியது. அந்த வீட்டின் பெரிய யன்னல் தெற்கே, தெருவைப் பார்த்து இருக்கிறது. இங்கிலாந்தில் வெயில் தெற்கிலிருந்து வரும். அங்கே கீறிய படத்தைக் கப்பலில் கொண்டுவந்து, கடதாசியைத் திருப்பிப் பிடிக்காமலே இங்கே கட்டிவிட்டார்கள். கட்டிய நாளிலிருந்து குளிர்காலத்தில் அந்த அறைக்குள் வெயில் விழுந்திருக்காது. அதை உன்னிடம் சொன்னேன். நீ சொன்ன பதில் நினைவிருக்கிறதா? "சென்னையில ஒரு வாஸ்து ஆளிட்டப் போன்ல கேட்டனான் அம்மா. வீட்டில பெரியாக்கள் கன்னி மூலையில இருக்கவேணுமாம். கொட்டேஜ் சரியா தென்மேற்கில எல்லோ நிக்குது!" நல்லது. வெள்ளைக்காரனும் கடதாசியைத் திருப்பவில்லை, சென்னைக்காரரும் திருப்பவில்லை. இரண்டு பேருடைய பிழையும் ஒரே மூலையில் வந்து சேர்ந்திருக்கிறது, அந்த மூலையில்தான் வாத முழங்காலோடு என்னைக் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறாய். பொறியியல் படித்தவன் நீ.

சரி, வெயில் வருகிற வடக்குச் சுவரிலாவது யன்னல் இருக்குமே என்று பின்னறைக்குப் போனேன். வெளியிலிருந்து பார்த்தபோது ஒன்று இருந்தது. மரச் சட்டம், கண்ணாடி, உள்ளே பாதி இழுத்துவிட்ட வெள்ளைத் திரை. உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் சுவர். திரும்ப வெளியே வந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். செங்கல்லில் ஒரு பள்ளம் விட்டு, அதில் சட்டத்தைப் பொருத்தி, கண்ணாடியின் பின்புறம் கறுப்படித்து, அதன்மேல் திரையை வெள்ளையால் வரைந்திருக்கிறார்கள். அது பொய் யன்னல். பழைய இங்கிலீஸ் கட்டடப் படங்களில் இப்படிக் கண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் துரையின் பூந்தோட்டம். அங்கே உலாவுகிற துரைசானியைக் காவல்காரன் பார்த்துவிடக் கூடாது, அதனால் யன்னல் இல்லை. துரைசானி இந்தப் பக்கம் பார்க்கும்போது மொட்டைச் சுவர் தெரிந்து கண்ணைக் குத்தவும் கூடாது, அதனால் யன்னல் போல ஒன்று. கட்டடக் கலை என்று படிக்கிறார்களே, அதில் இப்படியான கலையும் உண்டு. இப்போது அந்தப் பூந்தோட்டம் இருந்த இடத்தில் உன் வீடு நிற்கிறது. உன் சாப்பாட்டு மேசையில் இருந்து பார்த்தால் அந்த யன்னல் அழகாகத் தெரியும். உன் சிநேகிதி ஒருத்தி அதைக் காட்டி, "அன்ரி அதில நிண்டு எங்களுக்குக் கை காட்டுவா" என்று சொன்னாள். சீ என்று இருந்தது எனக்கு.

பால் காய்ச்சிய கதைக்கு வருகிறேன். அடுப்பு மூட்ட முடியாத வீடு என்பதால் ஒரு மின்சாரத் தட்டை வைத்தீர்கள். பால் பொங்கி எந்தப் பக்கம் வழிகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், ஆகாத திசையான தெற்கே வழிந்தது. பிறகு எல்லோரும் சாப்பிடுவதற்குப் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள். வழிந்த பாலை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை, துடைத்துக்கொண்டு நின்றேன். அப்போது தலைக்கு மேலே மணி அடித்தது. துரையின் வண்டி படலையடிக்கு வந்தால் காவல்காரனைக் கூப்பிட இழுக்கிற பித்தளை மணி அது. அதை நீ மினுக்கி, வயர் இழுத்து, உன் குசினியில் ஒரு பொத்தான் வைத்திருந்தாய். எனக்கு அது தெரியாது. உனக்கோ மருமகள் ஆரணிக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி அவள். துணியைப் போட்டுவிட்டு, செருப்பும் போடாமல், ஈரப் புல்லில் விழுந்தடித்து ஓடி வந்தேன். உன் குசினிக் கதவைத் தள்ளினால், எல்லோரும் கையில் தட்டோடு நின்று கைதட்டிச் சிரிக்கிறார்கள். நீ போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறாய். "பாத்தீங்களா, மணி அடிச்ச உடனை அம்மா வந்திட்டா!" என்றாய். ஆரணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். புல் ஒட்டிய காலோடு நின்று, எல்லோருக்கும் பாயாசம் வார்த்தேன். உன்மேல் வந்த அருவருப்பைவிட, ஓடி வந்த என் கால்கள்மேல் வந்த அருவருப்பு பெரிது. நீ அதையும் இணையத்தில் போட்டாய். "ரூம் சேர்விஸ்" என்று கீழே ஒருவன் எழுதியிருந்தான். நீ அதற்குச் சிரிப்புப் போட்டிருந்தாய்.

உனக்கு நினைவிருக்காத ஒரு கதையைச் சொல்கிறேன். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கராஜில் இருந்தோம். நல்ல ஆட்கள், இடம் தந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த வீட்டு அன்ரிக்குக் குசினியில் கை தேவைப்பட்டால் சுவரில் தட்டுவார். நான் எழும்பிப் போவேன். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு நாள் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். சுவரில் தட்டுச் சத்தம் கேட்டது, எழும்பி வாசலுக்குப் போய்விட்டேன். பார்த்தால் நீ. கதிரையில் ஏறி நின்று தட்டிவிட்டு, "அம்மா, எனக்குப் பால் கொண்டு வாங்கோ" என்றாய். அந்த அன்ரியின் குரல் மாதிரியே. உனக்கு அது விளையாட்டு. உன் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். அன்றைக்கு மட்டும், "இதைப் பிள்ளை பழகப்படாது" என்றார். அந்தக் கிழமையே டூங்கபிக்கு மாறினோம், இப்போது நான் இருக்கிற இதே சின்ன அடுக்குமாடி யூனிட்டுக்கு. அவர் பயந்தது நடந்துவிட்டது, நல்லவேளை அவர் பார்க்க இல்லை.

இவ்வளவையும் நான் விழுங்கியிருப்பேன். பெத்த மனம் பித்து என்று ஊரில் சொல்வார்கள், விழுங்கியும் விட்டேன். சாப்பாடு முடிந்து கை கழுவப் போனபோது, எனக்காக நான் கீறிய அறை எப்படி வந்திருக்கிறது என்று ஒருதரம் பார்ப்போம் என்று ஆசை வந்தது. அதைப் படிக்கிற அறையாக, சாமி அறையாக மாற்றியிருப்பாய் என்று நினைத்திருந்தேன். அகலமான கதவு, நான் கீறிய அளவிலேயே இருந்தது. திறந்தேன், கும்மிருட்டு. பொத்தானைத் தேடிப் போட்டேன். சுவரெல்லாம் கறுப்பு, கால் வைத்தால் புதைகிற சிவப்புக் கம்பளம், கால் நீட்டிச் சாய்கிற தோல் கதிரைகள், ஒவ்வொன்றிலும் குடிக்கிற கோப்பை வைக்க ஒரு குழி, எதிரே சுவரளவுத் திரை. தியேட்டர். நான் யன்னல் எங்கே என்று தேடினேன். நீ பின்னால் வந்து நின்று, "வெயில் திரையில கிளேயர் அடிக்கும் அம்மா, அதான் மூடினனாங்கள். சவுண்ட் சிஸ்டத்தைப் போட்டுக் காட்டட்டோ?" என்றாய். குளிர்காலம் முழுக்க வெயில் விழவேண்டிய சுவரை மூடிவிட்டு, அதன்மேல் கறுப்பு அடித்து, என்னிடமே பெருமையாகக் காட்டினாய். போட்டும் காட்டினாய். ஒரு விமானம் விழுந்து வெடித்தது. சுவர் அதிர்ந்தது.

அந்த அறையில் எனக்கு வந்ததுதான் உண்மையான அருவருப்பு, தம்பி. துரையை எனக்குத் தெரியாது. யாருடைய பிள்ளையோ அவன், எப்போதோ செத்துப்போனான், வேலைக்காரனின் யன்னலை மூடினான் என்றால் அவன் வளர்ப்பு அப்படி. உன்னை வளர்த்தது நான். பிழை எங்கே என்று சிட்னிக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் தேடினேன். ஊரில் போர் முடிந்து மூன்று வருடமாகிறது. சொந்தக்காரரில் பாதிப்பேர் கூரையில்லாமல் இருந்து இப்போதுதான் தகரம் போடுகிறார்கள். இங்கே படகில் அகதியாக வந்த பிள்ளைகள் ஒரு அறையில் ஆறு பேராகப் படுக்கிறார்கள். அந்த நேரத்தில், ஒரு படம் பார்ப்பதற்காக வீட்டிலேயே நல்ல அறையை இருட்டாக்கலாம் என்று உனக்கு யார் சொல்லித் தந்தது?

ஈரத்தையும் மணியையும் பற்றி நான் கேட்டபோது போனில் நீ சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. "நீங்க சும்மா டிராமா பண்ணுறீங்கள் அம்மா. ஹெரிட்டேஜ், வெளியில ஒண்டும் தொட ஏலாது. ஹீற்றர் போட்டுத் தாறன். மணி எமர்ஜென்சிக்குத்தான்." ஹீற்றர் போட்டால் ஈரம் சுவரில் இருந்து மூக்குக்கு வரும், வேறொன்றும் நடக்காது. அவசரம் என்றால், யாருடைய அவசரம்? எனக்கு நெஞ்சு நோ வந்தால் நான் அடிக்கிறதற்கு என் பக்கம் பொத்தான் இல்லை. உன் குசினியில்தான் இருக்கிறது. நீ அதைக் கவனிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கவனிக்காததுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு வார்த்தை ஆரணியைப் பற்றி. முந்தாநாள் அவள் எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, யன்னலை மூடினது பிழையெண்டு எனக்கு முதலே தெரியும், அவரிட்டச் சொல்லப் பயமாக் கிடந்தது. அந்தத் தியேட்டர் ரூமில முந்தி யன்னல் இருந்த இடம் எது?" என்று கேட்டாள். சொன்னேன். மேலே பாரம் தாங்குகிற உத்திரம் அப்படியே உள்ளே இருக்கும், செங்கல்லைத் தட்டி எடுத்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றும் சொன்னேன். பிள்ளைக்கு அந்த அறை வேண்டும் என்கிறாள். கொடு. உனக்குத் தாயின் முழங்கால் விளங்காவிட்டாலும் பிள்ளையின் நெஞ்சுச் சளி விளங்கும். அவள் சொல்வதைக் கேள், அவள் பயந்து பயந்து சொல்கிற வீடாக உன் வீட்டை வைத்திருக்காதே. ஒரு வீட்டில் யார் எதைச் சொல்லப் பயப்படுகிறார்கள் என்று கொஞ்சம் கவனித்துப் பார். நானும் உன் அப்பாவும் சண்டை பிடித்திருக்கிறோம், சாப்பாட்டுக் கோப்பை பறந்திருக்கிறது, ஆனால் நான் அவருக்குப் பயந்து ஒன்றையும் விழுங்கியதில்லை.

நான் வரவில்லை. இது கோபத்தில் சொல்வதல்ல, கோபம் ஆறி, சோறு சமைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். இந்த யூனிட்டின் குசினி ஒரு ஆள் திரும்பினால் இடிக்கும், மேல் வீட்டுக்காரனின் தண்ணீர்க் குழாய் இரைகிறது, ஆனால் காலையில் மேசைமேல் வெயில் விழுகிறது. பிள்ளை பிறந்தால் ஆரணி கூப்பிட்டால் வருவேன், அவளுக்குப் பத்தியக் கறி வைத்துத் தருவேன், உன் வீட்டுக்குள்ளே அவளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பேன், நாற்பத்தொரு நாள் கழித்துத் திரும்பிவிடுவேன். நீ அந்தச் சின்ன வீட்டைப் பூட்டி வை, விற்றுவிடு, விருந்தாளிகளுக்குக் காட்டு, என்னவோ செய். அதைக் கட்டிய துரையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவன்கூட அதற்குள் கூலிக்கு வந்த காவல்காரனைத்தான் வைத்தான், தன்னைப் பெற்றவளை வைக்கவில்லை.

லொறிக்காரனுக்கு இன்றைக்கே சொல்லிவிடு.

அம்மா